அக்கா செய்த போர்க்கப்பல்

கதவுக்குப் பூசிய வார்னிஷ் வாசம் இன்று வீடெல்லாம் நிற்க, தெல்லிப்பழையில் எங்கள் வீட்டு வளவோடு சேர்ந்து இல்லாமற்போன வண்டில் கொட்டிலும், அதற்குள் அக்கா முள்முருக்கு மரத்தில் செதுக்கிய போர்க்கப்பலும் நினைவுக்கு வந்தன. ஐயா அப்போது திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயின்ற் அடித்தார். லீவில் வந்தால் கால் கழுவின ஈரத்தோடு நேரே கொட்டிலுக்குள் போவார். அக்கா குடைக்கம்பியில் செய்த பீரங்கிகளைத் தொட்டுப் பார்ப்பார், அக்கா மாதிரியாக வைத்துச் செய்த, தான் பெயின்ற் அடித்த கப்பலின் புகைக்குழாய் எவ்வளவு சரிந்திருக்கும் என்று கரிக்கட்டியால் நிலத்தில் கீறிக் காட்டுவார், இரண்டு தலையும் ஒட்டியபடி குனிந்திருக்க, வாசலில் நிற்கும் எனக்கு நெஞ்சு எரியும்.

ஒருமுறை ஐயா வந்தபோது அக்கா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்க் கப்பலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"பின்பக்கப் பீரங்கி இன்னும் பூட்டேல்லை ஐயா," என்றேன், அக்காவைப் போலவே.

ஐயா கப்பலைத் தொடவில்லை. "நான் பெயின்ற் அடிச்ச அந்தக் கப்பல் கடலிலை மூழ்கிப்போச்சுது பிள்ளை. சண்டையிலை குண்டு போட்டிட்டாங்கள். அக்காவுக்குச் சொல்லாதை, அவள் தாங்கமாட்டாள்."

ஐயாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்று கடைசியில் கிடைத்துவிட்டதென்று முதலில் பூரித்துப்போனேன். பின்னேரம் அக்கா அந்தப் பீரங்கியைப் பூட்டிவிட்டு, "உண்மைக் கப்பல் மாதிரியே இருக்கெல்லே?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

அவள் சிரித்தாள். அவள் மனம் நோகுமென்று அவ்வளவு பயந்த ஐயா, என் மனத்தைப் பற்றி நினைக்கவேயில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.