மாமா தலையில் போட்ட புளிப்பத்து

எங்கள் வீட்டில் யாருக்கு அடிபட்டாலும் முதல் கேள்வி, ரத்தம் வந்ததா என்பதுதான். வந்தால் டாக்டர். வராவிட்டால் அம்மா. புளியைக் கரைத்து, கல்லுப்பு போட்டுக் கொதிக்கவைத்து, தாங்குகிற சூட்டில் வீங்கிய இடத்தில் பூசிவிடுவாள். அதுதான் புளிப்பத்து. ரத்தக்கட்டு என்றால் பத்து; அதில் மறுபேச்சே கிடையாது. தி. நகருக்குக் குடிவந்து எட்டு வருஷமாகியும், திருநெல்வேலியிலிருந்து அம்மா கொண்டுவந்த இந்த வைத்தியம் மட்டும் மாறவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, மாமா தலையில் அடிபட்டுக்கொண்டு வந்தார். அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். உஸ்மான் ரோட்டுப் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் விற்பனைக்கு நின்றார். வாய்தான் அவருக்கு மூலதனம். கரண்டி வாங்க வந்தவரை அண்டாவோடு அனுப்பிவைப்பார் என்று அப்பா கிண்டல் செய்வார். அன்றைக்குக் கடைப் பரணிலிருந்து குத்துவிளக்கை எடுக்க ஏறியவர், ஏணியோடு சரிந்து தூணில் தலை மோதி விழுந்திருக்கிறார். ஒரு நிமிஷம் நினைவில்லாமல் கிடந்தாராம். பிறகு எழுந்து, சோடா குடித்துவிட்டு, அந்தக் குத்துவிளக்கையும் விற்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

"ரத்தம் வந்துச்சால?" என்று கேட்டாள் அம்மா.

"ஒரு சொட்டு வரல்லக்கா."

அம்மாவுக்கு உயிர் வந்தது. உடனே போய்ப் புளியை ஊறப்போட்டாள்.

வீக்கம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. தலைவலி மட்டும் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டலாமே என்று அப்பா ஒருமுறை சொன்னபோது, ரத்தக்கட்டுக்கெல்லாம் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா என்று அம்மா அடக்கிவிட்டாள். மூன்று வாரம் விடாமல் பத்து போட்டாள். மூன்றாவது வாரத்தில் மாமா தட்டைப் பார்த்து, "பூட்டு" என்றார். சீப்பை, "சோப்பு" என்றார். வலது கையிலிருந்து டம்ளர் நழுவியது. என்னைச் சிரிக்கவைக்கத்தான் செய்கிறார் என்று நினைத்து நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு நாள் காலையில் காபி கேட்க வாயெடுத்தவருக்கு எந்தச் சொல்லுமே வரவில்லை. என்னையே பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா அவரை ஆட்டோவில் ஏற்றி அடையாறில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அம்மாவும் கூடப் போனாள்.

மத்தியானம் அப்பா மட்டும் திரும்பிவந்து பக்கத்து வீட்டில் விவரம் சொன்னார். "ஸ்கேன் எடுத்தாங்க. மண்டைக்குள்ள ரத்தக்கட்டாம். நாளைக்குக் காலையில ஆபரேஷன். பேச்சு திரும்புமான்னு அதுக்கப்புறம்தான் தெரியுமாம்."

கேட்டவர்கள் முகமெல்லாம் இருண்டுபோயிருக்க, எனக்கு மட்டும் நிம்மதி. ரத்தக்கட்டுதானே! இதற்கா இவ்வளவு அமர்க்களம்? மறுநாள் விடிந்ததும், அப்பா குளிக்கப்போன நேரம் பார்த்து நானே அடுப்பைப் பற்றவைத்துப் பத்து காய்ச்சினேன். விரலைச் சுட்டுக்கொண்டேன். ஆறாமல் இருக்கத் துணி சுற்றி, எவர்சில்வர் சம்புடத்தில் எடுத்துக்கொண்டு அப்பாவோடு போனேன்.

மாமாவுக்குத் தலையை மழித்திருந்தார்கள். அம்மா கட்டில் ஓரம் நின்றிருந்தாள். நான் சம்புடத்தைத் திறந்ததும் வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா எட்டிப்பார்த்து, "இன்னா பாப்பா, காலைலயே புளிக்கொழம்பா?" என்றார்.

மாமாவைப் பார்க்க வந்த டாக்டர் சிரிக்கவில்லை. குனிந்து என் உயரத்துக்கு வந்தார். "தோலுக்கு அடியில ரத்தம் கட்டினா சரி. இது மண்டையோட்டுக்கு அடியில கசிஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்து, மூளையை அழுத்துது. எலும்பைத் தாண்டி உன் மருந்து உள்ள போகாதும்மா. நாங்க ரெண்டு ஓட்டை போட்டு ரத்தத்தை வெளிய எடுத்துடுவோம்."

"அப்ப ஓட்டை வழியா ஊத்திடுங்க" என்றேன்.

அவர் சம்புடத்தை வாங்கிக்கொண்டார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "எத்தனை நாளா இது போட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு மூன்று வாரம் என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மாமா கண்ணைத் திறந்து, "அக்கா, காபி" என்றார். குழறலாகத்தான் சொன்னார், ஆனால் காபியைக் காபி என்றே சொன்னார். வார்டே கேட்கும்படி நான் கைதட்டினேன். அம்மா மட்டும் பிளாஸ்கை அப்பாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகும் அவள் மாமாவின் பக்கத்தில் வரவில்லை. சாப்பாட்டைக் கொண்டுவந்து வாசலிலேயே அப்பாவிடம் கொடுத்துவிடுவாள்.

நாலைந்து நாளில் பார்க்க வந்தவர்களிடம் மாமா பேச ஆரம்பித்தார். ஒவ்வொரு சொல்லையும் தேடிப்பிடித்து, வாசல் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார். "எங்கக்கா போட்ட பத்துதான் இத்தனை நாள் தாங்கிப் பிடிச்சிருக்கு. டாக்டரே சொன்னாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. தலைக்குள் ஊற்றியது நான் காய்ச்சிய பத்து. பச்சைப் பொய் சொல்லி என் பெயரைத் தூக்கி அம்மாவுக்குக் கொடுக்கிறாரே! நான் இல்லை இல்லை என்று கத்த, மாமா என்னைக் கவனிக்காமல் வாசலைப் பார்த்து அதையே இன்னொரு தரம் சொன்னார். அம்மா உள்ளே வந்தாள். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, முதல் வாயை அவளே ஊட்டினாள். ஊட்டும்போது ஏன் அப்படி அழுதாள் என்று எனக்குப் புரியவில்லை.

அந்தப் பொய்யைத் தேடிப்பிடித்துக் கோப்பதற்கு மாமா எத்தனை பாடுபட்டிருப்பார் என்பதும் அப்போது எனக்குத் தெரியவில்லை. மாமாவுக்குப் பேச்சு திரும்பிய அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை.