சம்பந்தியைத் தாண்டிய பந்து

கோல்ஃப் மைதானத்தில் சம்பந்திக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் அடி அடித்ததும் தன் பந்து கிடக்கும் இடத்துக்குப் போய், மட்டையை இடுப்பில் சாய்த்துக்கொண்டு நிதானமாக ஆரஞ்சு உரிப்பார். யாருடைய பந்து குழிக்கு அதிக தூரத்தில் கிடக்கிறதோ அவர்தான் அடுத்து அடிக்க வேண்டும். அது எப்போதும் பல் டாக்டரம்மாவின் பந்துதான். மகன் கல்யாணத்திலிருந்து ஞாயிறுதோறும் அந்தத் தோல் உரிவதை டாக்டரம்மா பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவசரமே இல்ல சம்பந்தியம்மா. இன்னும் ரெண்டு சுளை இருக்கு."

பெண் கொடுத்தவர் ஆயிற்றே, சிரித்துத்தான் ஆகவேண்டும். மறுநாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது மட்டும் அந்த முகம் கண்முன் வந்து கைக்கு வலு கொடுக்கும்.

டாக்டரம்மா கல்லூரி விளையாட்டுப் போட்டிகளில் குண்டு எறிந்தவர், அதற்காக இரும்பு தூக்கியவர். கல்யாணத்தோடு எல்லாவற்றையும் மூட்டை கட்டியாயிற்று. இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒரு ஞாயிறு மைதானத்து உணவகத்தில் சம்பந்தி எல்லோர் காதிலும் விழும்படி, "எங்க சம்பந்தியம்மா பந்துக்கே வலிக்காம அடிப்பாங்க" என்றார். அன்று மாலையே டாக்டரம்மா மருமகள் முன்னால் போய் நின்றார்.

மருமகள் பேங்க் வேலையை விட்டுவிட்டு ஜிம் நடத்துகிறவள். "படிக்க வச்சது இரும்பு தூக்கவா?" என்று கேட்ட சம்பந்தி, அதன்பின் மகளோடு சரியாகப் பேசுவதே இல்லை.

"எங்கப்பாவ ஜெயிக்க நானே சொல்லித்தரணுமா? நல்லா இருக்கு அத்தை!" என்று சிரித்தவள், பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "ஜெயிச்சா, யாரு சொல்லித்தந்ததுன்னு நீங்களே அவர்கிட்ட சொல்லணும். நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டார்."

"சத்தியமா சொல்றேம்மா."

முதல் நாளே வீம்புக்குப் பழைய எடையைத் தூக்கிவிட்டு, நோயாளியின் வாய்க்குக் குனிய முடியாமல் டாக்டரம்மா ஒரு வாரம் தவித்தார்.

"முதுகால இழுக்காதீங்க அத்தை. காலால தரைய அமுக்குங்க. கோவம் பந்துக்குப் போகட்டும், இடுப்புக்கு வேண்டாம்."

வெறும் கம்பியிலிருந்து தொடங்கினார்கள். கனத்த பந்தை இடுப்பைத் திருப்பிச் சுவரில் எறியும்போதெல்லாம் டாக்டரம்மா ஏதோ முணுமுணுப்பார். நிச்சயமாக அது சாமி பேர் இல்லை.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஒரு ஞாயிறு டாக்டரம்மா அடித்த பந்து சம்பந்தியின் பந்தைத் தாண்டி விழுந்து, அதற்கப்புறமும் உருண்டது. அதைக் கவனிக்காத சம்பந்தி வழக்கம்போல ஆரஞ்சை எடுத்தார்.

"சம்பந்தி, பழம் அப்புறம் சாப்பிடலாம். நீங்கதான் முதல்ல."

அவர் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். பிசுபிசுத்த கையோடு அடித்த பந்து புதருக்குள் போனது. டாக்டரம்மாவுக்கு அது காதில் தேன் பாய்ந்த சத்தம்.

உணவகத்தில் சம்பந்தி குரலை இறக்கிக் கேட்டார்: "யாரு கோச்? சொன்னா நானும் சேர்ந்துக்கறேன்."

அன்று ஆட்டம் பார்க்க வந்திருந்த மருமகள் எதிரே உட்கார்ந்து, கையிலெடுத்த தண்ணீரைக் குடிக்காமல் மாமியாரையே பார்த்தாள்.

பேரைச் சொன்னால் போதும். ஆனால் சொன்ன மறு நொடி, "எங்க ரத்தமாச்சே!" என்று வெற்றியில் பாதியை மனிதர் வாரிக்கொண்டு போய்விடுவார். அதை டாக்டரம்மாவால் தாங்க முடியாது.

"கோச்சா? அந்தக் காலத்துல குண்டு எறிஞ்ச உடம்பு சம்பந்தி!"

மருமகள் தண்ணீரைக் குடித்தாள்.

மறுநாள் ஜிம்மில், "இன்னிக்கு எடைய கொஞ்சம் கூட்டலாம் அத்தை" என்றாள். இப்போதெல்லாம் ஞாயிறுதோறும் சம்பந்திதான் முதலில் அடிக்கிறார். அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று டாக்டரம்மா ஒவ்வொரு வாரமும் நினைக்கிறார். இன்னும் சொல்லவில்லை.