பிரிக்காத பெட்டிகள்

அந்தப் பள்ளியில் அவரை எல்லாரும் டைப் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாணவிகள் சிலரின் அம்மாக்களும் அவரிடம் தட்டச்சு படித்தவர்களே. யாராவது தப்பான எழுத்தை அழுத்தினால், முதுகைக் காட்டி நின்றாலும் சத்தத்திலேயே கண்டுபிடித்து "அடிச்சதை அழிம்மா" என்பார்.

பள்ளிகளுக்குக் கணினி வாங்க அரசாங்கம் நிதி ஒதுக்கிவிட்டது என்ற செய்தி வந்தபோது ஆசிரியர் அறையே குதூகலித்தது. டைப் டீச்சர் மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை. கணினி வந்தபின் தட்டச்சு வகுப்பு எதற்கு? கணவருக்கோ பஸ் ஓட்டி ஓட்டி முதுகு போய்விட்டது. பாதி நாள் படுக்கைதான். டீச்சரின் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

கணினிகள் வந்தன. தட்டச்சு மெஷின்களை ஒரு லாரி அள்ளிக்கொண்டு போக, அதே அறையில் புதுப் பெட்டிகளை அடுக்கினார்கள். ஆனால் அந்த நிதி இயந்திரங்களுக்கு மட்டும்தான். சொல்லிக்கொடுக்க ஆள் வைக்க அதில் வழியில்லை. பிரித்து ஏதாவது கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்று தலைமையாசிரியர் அறையைப் பூட்டிவிட்டார். டைப் டீச்சரை நூலகத்தில் உட்கார வைத்தார்கள். பூட்டிய கதவைக் கடக்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளூர ஒரு அற்ப சந்தோஷம்.

ஒருநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

"டீச்சர், கல்வி ஆபீஸ்லேருந்து போன். அடுத்த வாரம் ஒரு அதிகாரி வர்றாங்க. கம்ப்யூட்டரைப் பயன்படுத்தலைன்னா வேற ஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்களாம்."

"போகட்டுமே சார்." வாய் தவறி வந்துவிட்டது.

"அது போனா உங்க போஸ்டும் சேர்ந்து போகும். டைப் மெஷினும் இல்ல, கம்ப்யூட்டரும் இல்லன்னா உங்களை எதுக்குன்னு வச்சுக்கச் சொல்றது? நீங்களே எடுத்து நடத்துங்களேன்."

கணினியை அவர் தொட்டதே இல்லை. தெரிந்தவர்களில் அதோடு மாரடிப்பவள் ஒருத்திதான்: மருந்துக் கடையில் பில் போடும் நாத்தனார். "உங்க மெஷினையெல்லாம் பழைய இரும்புக்குத்தான் போடணும் அண்ணி" என்று அவள் விளையாட்டாகச் சொன்னதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அன்று சாயங்காலம் டீச்சர் அந்தக் கடை வாசலில் போய் நின்றார்.

"என்ன அண்ணி, அண்ணனுக்கு மாத்திரையா?"

"இல்லம்மா. நீ சொன்ன மாதிரி மெஷினை இரும்புக்குப் போட்டாச்சு. இப்ப என்னையும் போட்டுடுவாங்க போலிருக்கு. உன் பொட்டியைக் கொஞ்சம் சொல்லிக் கொடு."

நாத்தனாருக்கு முகம் சுண்டிப்போனது. "அய்யோ, அதை இன்னுமா மனசுல வச்சிருக்கீங்க?" என்று தன் நாற்காலியையே இழுத்துப் போட்டாள்.

விரல்களுக்கு எழுத்துகள் இருக்குமிடம் தெரிந்திருந்தது. ஆனால் வரி முடியும்போதெல்லாம் இடது கை தானாக மேலே எழும்பி, அடுத்த வரிக்குத் தள்ள, இங்கே இல்லாத நெம்புகோலைத் தேடியது. அடியும் பலமாக விழுந்தது.

"மெதுவா அண்ணி, மெதுவா! உடைஞ்சா முதலாளி என்னைத்தான் புடிப்பாரு."

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கே வந்தாள் நாத்தனார். இருவருமாகப் பெட்டிகளைப் பிரித்து, கம்பிகளை மாட்டி, எல்லாச் சுவிட்சுகளையும் ஒரேயடியாகப் போட்டார்கள். டப்பென்று ஒரு சத்தம். பள்ளி முழுக்க மின்சாரம் போய்விட்டது. தலைமையாசிரியர் தலைதெறிக்க ஓடிவந்தார். எலக்ட்ரீஷியன் சுவரைத் தட்டிப் பார்த்துச் சொன்னார்: "வயர் ரொம்பப் பழசு. பாதியைத்தான் தாங்கும்." வயர் மாற்றவோ நிதியில் இடமில்லை.

அதிகாரி வந்த அன்று, பாதிக் கணினிகளின் முன்னால் இரண்டிரண்டு பேராக மாணவிகள் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். மீதி இருண்டு கிடந்தன.

"அதெல்லாம் ரிப்பேரா?" என்று கேட்டார் அந்த அதிகாரி அம்மாள்.

"அது வந்து மேடம்..." என்று இழுத்தார் தலைமையாசிரியர். டைப் டீச்சருக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"இல்லைங்கம்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மொத்தமாப் போட்டா ஸ்கூலே இருட்டாயிடும். நானோ தட்டச்சு டீச்சர். ஒரு வாரமாத்தான் கத்துக்கிறேன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லித் தர்றேன், அவ்வளவுதான்."

அதிகாரி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் பார்த்துட்டு வர்ற ஸ்கூல்ல பெட்டி மேல சாப்பாட்டுக் கூடையை வச்சிருந்தாங்க. இங்க பிள்ளைங்க கையாவது படுதே! வயருக்கு இந்த வருஷம் தனியா நிதி வந்திருக்கு, கேட்டு வாங்கிக்குங்க. உங்களைப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்றேன். முடிச்சிட்டா கம்ப்யூட்டர் டீச்சர் போஸ்ட் உங்களுக்குத்தான். சம்மதமா?"

சம்மதமா என்றா கேட்கிறார்! டீச்சர் தலையை வேகமாக ஆட்டினார். அதிகாரி கிளம்பியதும் வராந்தாவுக்கு வந்தார். வீட்டுக்குப் போன் போட்டார்.

"வேலை இருக்குங்க."

"என்ன, அழறியா?" என்றார் கணவர்.

"இல்லீங்க. மூச்சு விடறேன்."

அடுத்த போன் நாத்தனாருக்கு. அவள் கடையில் ஆள் நிற்பதையும் மறந்து கத்திவிட்டாள்.

மழைக்காலம் முடிந்த பிறகுதான் வயர் மாற்றினார்கள். டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டார். கடைசிச் சுவிட்சும் விழுந்தது. மாணவிகள் "ஓ" என்றபோதுதான் கண்ணைத் திறந்தார். எல்லாத் திரைகளிலும் வெளிச்சம். பக்கத்து வகுப்பில் மின்விசிறி ஓட, கணக்கு வாத்தியார் தன் பாட்டுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.