கிரீன்மேல் பதினோரு காலடி

செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தாண்டை ஒரு கோல்ஃப் மைதானம். அங்கே புல்லுக்கு மருந்தடிப்பவர் என் அப்பா. களை பறிப்பவள் அத்தை, அப்பாவின் தங்கை. புருஷன் விட்டுப் போனபிறகு கைப்பிள்ளையோடு எங்கள் தெருக்கோடியில் குடியிருந்தாள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அப்பாதான். வாரத்துக்கு ஒருமுறையாவது அதைச் சொல்லிக் காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற கோடையிலும் அங்கே புல் பச்சைப்பசேலென்று இருக்கும். குழியும் கொடியும் உள்ள இடத்துக்கு கிரீன் என்று பெயர். அங்கே புல்லை, மொட்டையடித்த மூன்றாம் நாள் தலை மாதிரி ஒட்ட வெட்டி வைத்திருப்பார்கள். செருப்போடு வேலைக்காரர் யாரும் அதில் ஏறக்கூடாது. அத்தையும் மற்றப் பெண்களும் வெறுங்காலோடு குந்தி, கோரையை ஒவ்வொன்றாகக் கத்திமுனையால் நெம்பி எடுப்பார்கள். பிள்ளைகளுக்கு உள்ளே அனுமதியே கிடையாது. வரவிட்டவருக்கு அன்றோடு வேலை போய்விடும்.

ஆனால் அப்பாவுக்குச் சோறு சூடாக இருக்க வேண்டுமே! லீவு நாட்களில் கம்பிவேலிச் சந்தில் நுழைந்து, பத்து வயது நான்தான் தூக்குவாளி கொண்டுபோவேன்.

அன்றைக்கு அப்பா கிரீனைச் சுற்றியிருந்த கோரைக்குக் களைக்கொல்லி மருந்தடித்து முடித்து, எதிர்ப்பக்க மரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சுற்றிக்கொண்டு போக எனக்குச் சோம்பல். குறுக்கே போய்விடலாம் என்று தோன்றியது. நான் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை, செருப்போடு ஏறக்கூடாது என்று தெரியும். ஓரத்திலேயே கழற்றிப் பவ்யமாகக் கையில் எடுத்துக்கொண்டேன். மருந்தில் நனைந்த புல்லை மிதித்து, அந்த ஈரக் காலோடு கிரீன்மேல் நடந்தேன். அப்பப்பா, என்ன குளிர்ச்சி! அப்பா பார்க்கவில்லை.

பத்து நாளில் அங்கே பதினோரு காலடி மஞ்சளாகத் தெரிந்தது. அப்புறம் பழுத்துக் காய்ந்தே போனது. விரல்களைக்கூட எண்ணலாமாம். அந்த வாரம் பெரிய போட்டி வேறு. இதையெல்லாம் அம்மா பல வருடம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள்.

சூப்பர்வைசர் பெண்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருத்தியையும் அந்தத் தடத்தில் காலை வைக்கச் சொன்னாராம். யாருக்கும் பொருந்தவில்லை. அத்தை ஒல்லிப்பிச்சான், பாதமும் சின்னது. அவளுக்குச் சரியாகப் பொருந்திவிட்டது.

"சத்தியமா நான் இல்ல சார். கைக்கொயந்தய வச்சிகினு கீறேன், வேலைய உட்டு எடுத்துடாத சார்" என்று கதறியிருக்கிறாள். பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, "அண்ணா, நீயாச்சும் சொல்லேன்" என்றாளாம்.

வேலிச் சந்திலிருந்து மரத்தடியை நோக்கிப் போகும் தடம் யாருடையது என்று அப்பாவுக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். அவர் மருந்து டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றாராம். "அன்னிக்கு உங்கப்பன் வாயில இன்னா கொயுக்கட்டையா இருந்துச்சி?" என்று அதைச் சொல்லும்போது அம்மா கேட்டாள். அத்தையை அப்போதே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். சாயங்காலம் அப்பா பூந்தமல்லி போய் எனக்கு வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கி வந்தார்.

"இனிமே வெளிய போனா இத்த போட்டுகினுதான் போவணும். வெறுங்காலோட எங்கனா பாத்தேன், தோல உரிச்சிடுவேன்."

கேட்காமலே ஷூ! திட்டு யார் காதில் விழுந்தது? மாட்டிக்கொண்டு தெருக்கோடிக்கு ஓடினேன்.

அத்தை வாசலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"யாரு வாங்கியாந்தது?" என்று கேட்டாள்.

"அப்பா. இனிமே வெறுங்காலோட எங்கயும் போவக்கூடாதாம்."

அவள் குனிந்து என் காலையே பார்த்தாள். பிறகு, "கயட்டு, பாப்போம்" என்றாள். கழற்றிக் கொடுத்தேன். ஒன்றை எடுத்துத் தன் காலில் மாட்டினாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. எனக்கு ஒரே குஷி, கைதட்டினேன். அத்தை காலை வெளியே எடுக்காமல் அப்படியே விம்மி அழத் தொடங்கினாள்.

ஐயோ பாவம், இவளுக்கும் ஷூ போட ஆசை போல என்று நினைத்துக்கொண்டேன். கிட்டே போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அழுவாத அத்தே. அப்பாகிட்ட கேளு, உனக்கும் வாங்கித் தருவாரு" என்றேன்.