சாரின் பள்ளத்தாக்கு: ஏறிய வழியில் இறங்க முடியவில்லை

வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி. விமான நிலையத்தின் புறப்பாட்டுக் கூடத்தில் என் கணவர் சேகர் மூன்றாவது முறையாகச் சட்டைப் பையைத் தொட்டுக் கடப்பிதழ் இருக்கிறதா என்று பார்த்தார். இருபத்தெட்டு வருடமாகக் கிள்ளான் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் ஜொகூருக்கும் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். தீபகற்பத்தில் அவர் போகாத நெடுஞ்சாலை இல்லை. விமானத்தில் மட்டும் ஏறியதே இல்லை.

"என்னங்க, அது எங்கயும் ஓடிப்போகாது," என்றேன்.

"ஓடாது. ஆனா விழுந்திரும்லா," என்றார்.

நான் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். ஞாயிறு காலைகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவது வழக்கம். கேரி தீவுச் செம்பனை வரிசைகளுக்கு மேலே கிடக்கும் பனி, காப்பார் சேற்றுக்கரையில் சாய்ந்து நிற்கும் படகுகள் என்று எட்டு வருடமாக எடுத்ததெல்லாம் தட்டை நிலம். நிலம் எழுந்து நிற்கிற ஓர் இடத்தைப் படமெடுக்க வேண்டும் என்று ஆசை. கஸகஸ்தானில் அல்மாத்தி நகரத்துக்கு நேரடி விமானம் உண்டு, நமக்கு விசா வேண்டாம், அங்கிருந்து இருநூறு கிலோமீட்டரில் சாரின் என்ற பாலைவனப் பள்ளத்தாக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் விடுப்புக்கு எழுதிக்கொடுத்தேன். சேகரிடம் கேட்டதற்கு, "சரி, நான் டிரைவரா வரேன். போட்டோ பிடிக்கிறது உன் வேலை," என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

பறக்க எட்டு மணி நேரம். அங்கே கடிகாரம் நம்முடையதைவிட மூன்று மணி நேரம் பின்னால். இறங்கியபோது வெளியே ஒன்பது டிகிரி. சேகர் வாயைத் திறந்து புகை விட்டுப் பார்த்துச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி. வாடகைக் கார் நாளுக்கு இருபத்து நான்காயிரம் தெங்கே. நம் ஒரு வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, ஏறக்குறைய நூற்றிருபது தெங்கே கிடைத்தது, ஆக இருநூறு வெள்ளி. அனைத்துலக ஓட்டுநர் உரிமத்தைக் கிள்ளானிலேயே எடுத்து வைத்திருந்தோம். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம். சேகர் இரண்டு முறை பயணி பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தார். சிக்னல் குச்சியும் கை மாறியிருந்ததால் நகரத்தைவிட்டு வெளியேறும்வரை ஒவ்வொரு சந்திப்பிலும் மழையில்லாமலே வைப்பர் ஆடியது. பக்கத்துக் காரில் இருந்த ஒருவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

நகரம் முடிந்ததும் சாலை நேராகக் கிழக்கே போனது. வலது பக்கம் உச்சியில் பனி படிந்த மலைத்தொடர். இடது பக்கம் காய்ந்த புல்வெளி, நடுநடுவே குதிரைக் கூட்டம். ஷெலெக் என்ற ஊரருகே சாலையோரம் முலாம்பழம் குவித்து வைத்திருந்தார்கள். சேகர் கண்ணாடியை இறக்கி, "பாஸ், ஹவ் மச்?" என்றார். கடைக்காரர் ஐந்து விரலையும் காட்டினார். ஐந்நூறு தெங்கே, நான்கு வெள்ளி சொச்சம். பழத்தை அங்கேயே கீறித் தந்தார். அப்படி இனித்த பழத்தை நான் சாப்பிட்டதில்லை.

மதியச் சாப்பாடு மட்டும் கொஞ்சம் சிக்கல். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, அங்கே குதிரையும் உண்டு. உணவகத்துப் பெண்ணுக்கு ஆங்கிலம் வரவில்லை. சேகர் கூச்சப்படாமல் "மே" என்று கத்தினார். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஆட்டிறைச்சி போட்ட நூடல்ஸ் கொண்டுவந்தாள்.

பிற்பகல் ஒன்றரை மணி. பெரிய சாலையிலிருந்து பிரிந்து பத்துக் கிலோமீட்டர். நுழைவுச் சீட்டு ஆளுக்கு எட்டு வெள்ளி அளவில். வாகன நிறுத்தத்தில் இறங்கிப் பார்த்தால் மேசைபோலப் பரந்த வெட்டவெளிதான். பள்ளத்தாக்கு எங்கே என்று கேட்கத் தோன்றியது. இருபதடி நடந்தோம். காலடியில் நிலம் பிளந்துகொண்டது.

செங்கல் நிறம், காவி, ஓரிடத்தில் கருஞ்சிவப்பு. கோபுரம் கோபுரமாக மண் நின்றிருந்தது, கோட்டை மதில்போலச் சில, புற்றுபோலச் சில. 'கோட்டைகளின் பள்ளத்தாக்கு' என்று இந்தப் பகுதிக்குப் பெயர். நீண்ட படிக்கட்டில் இறங்கினால் இரண்டு மதில்களுக்கு நடுவே மண் பாதை. மூன்று கிலோமீட்டர் நடந்தால் சாரின் ஆறு. ஆற்றங்கரையில் எங்களுக்கு ஒரு கூடார வீடு, கம்பளியால் போர்த்தியது, இரவுச் சாப்பாட்டோடு இருநூற்றைம்பது வெள்ளிக்குப் பதிவு செய்திருந்தோம். நடக்க முடியாதவர்களுக்கு ஜீப் உண்டு. சேகருக்குச் சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு. ஆனாலும், "இவ்வளவு தூரம் வந்துட்டு ஜீப்பா?" என்று இறங்கிவிட்டார்.

அக்டோபரில் அங்கே ஐந்தேகால் மணிக்குச் சூரியன் மறைந்துவிடும். மண் சிவக்கும் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் வந்திருந்தேன். மெல்ல நடந்தோம். நான் நின்று நின்று படமெடுக்க, அவர் நிழல் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து முலாம்பழத் துண்டு தின்றார். ஈரமே இல்லாத காற்று. கழுத்துத் துண்டை நனைத்துப் போட்டால் கால் மணியில் காய்ந்துவிடுகிறது.

மாலை நான்கு மணிக்கு அந்த இடத்தைப் பார்த்தேன். பாதையிலிருந்து இடப்பக்கம் ஒரு குறுகிய சரிவு மேலேறி இரண்டு கோபுரங்களுக்கு நடுவே முடிந்தது. அங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே சட்டத்துக்குள் விழும். பாதை ஓரத்தில், மனிதன் சறுக்கி விழுவதுபோல் வரைந்து குறுக்குக் கோடு போட்ட பலகை இருந்தது. பார்த்தேன். பார்க்காதவள்போல் நடந்துகொண்டேன்.

"அஞ்சு நிமிஷம்," என்றேன்.

"போர்டு போட்டிருக்கான் விமலா."

"எல்லா இடத்துலயும் போடுவான். இதோ வந்துடறேன்."

ஏறுவது எளிதாகவே இருந்தது. கூழாங்கல் பதிந்த மண், கைக்குப் பிடி கிடைத்தது. நான்கு மாடி உயரம் இருக்கும். மேலே போய் நின்றேன். இருபுறமும் கோபுரங்கள், நடுவே பாம்புபோல் பாதை, எதிர்மதிலில் ஏறிக்கொண்டிருந்த நிழலுக்கு மேலே தணல் நிறம். ஐந்து நிமிடம் முக்கால் மணியானது. லென்ஸைக் கழற்றாமலே கேமராவைப் பைக்குள் வைத்துத் திரும்பியபோதுதான் கீழே பார்த்தேன்.

ஏறும்போது கண்ணெதிரே இருந்த பிடிகள் இப்போது தெரியவே இல்லை. காலை நீட்டி வைத்தேன். மண் உதிர்ந்து கூழாங்கற்கள் மழைபோல் இறங்கின. கையிலிருந்த கேமரா முக்காலி நழுவிப் போய்க் கீழே மோதும் சத்தம் வர ரொம்ப நேரமானது. முதுகுப் பை என்னைப் பின்னால் இழுத்தது. நான் மதிலோடு ஒட்டிக்கொண்டேன். மேலே ஏறவும் கால் நகரவில்லை, இறங்கவும் நகரவில்லை.

"என்னங்க!"

குரல் மதில்களில் பட்டு மூன்று முறை திரும்பி வந்தது. கைப்பேசிக்கு அங்கே அலையே இல்லை. கடைசி ஜீப் சற்று முன்னால்தான் போயிருந்தது.

சேகர் ஓடிவரும் சத்தம் கேட்டது. அவர் ஏற முயன்றார். இரண்டு எட்டுதான், அவர் காலடியிலும் மண் சரிந்தது.

"வராதீங்க! உங்க முட்டி தாங்காது!"

பிறகு வந்த குரல் எனக்குப் பழக்கமே இல்லாத குரல். வீட்டில் பேசுகிற சேகர் இல்லை.

"விமலா, பையைக் கழற்றி விடு."

"கேமரா உள்ள இருக்கு."

"லோடு சாய்ஞ்சா லோரியும் சாயும். விடு."

ஒரு தோளை உருவினேன். இன்னொரு தோளை உருவினேன். பை போய்விட்டது. உருண்டு விழுவதைக் கேட்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் உடம்பு உடனே மதிலோடு நிலையாக ஒட்டியது.

"இப்ப கீழ பார்க்காத. முகத்தை மண்ணுப் பக்கம் திருப்பு. நீ முன்னால வரக்கூடாது. கோஸ்தான்ல வரணும். நான் சொல்ற வரைக்கும் எதுவும் செய்யாத."

கோஸ்தான் என்றால் எங்கள் ஊரில் வண்டியைப் பின்னுக்கு எடுப்பது. கிடங்கில் நாற்பதடி கண்டெய்னரை இரண்டு சுவர்களுக்கு நடுவே பின்னால் நின்று வரவழைக்கும் வேலையை அவர் எத்தனை ஆயிரம் முறை செய்திருப்பார் என்று தெரியாது. நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"ரைட் கால். கோஸ்தான், கோஸ்தான், கோஸ்தான்... ஸ்டாப். அங்க ஒரு கல்லு இருக்கு, தட்டிப் பாரு."

"எந்த ரைட்டு? உங்க ரைட்டா, என் ரைட்டா?"

"எப்பவும் வண்டியோட ரைட்டுதான். நீதான் வண்டி."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கல்லைத் தட்டிப் பார்த்தேன்.

"லெப்ட் கால். இன்னும். இன்னும். ஒரு சாண். ஸ்டாப். வெய்ட்ட அதுல போடாத, முதல்ல அழுத்திப் பாரு. நிக்குதா? இப்ப போடு."

ஒருமுறை கல் பெயர்ந்தது. இரண்டடி சறுக்கினேன். முழங்கால் மண்ணில் உரசி எரிந்தது. "ஒன்னும் இல்ல, பிரேக் பிடிச்சிருச்சு," என்றார் உடனே, குரல் மாறாமல். எவ்வளவு நேரம் ஆனதோ. அவருடைய கை என் கணுக்காலைப் பிடித்தபோது மதிலில் வெயில் துளியும் இல்லை.

கீழே உட்கார்ந்தோம். அவர் தண்ணீர்ப் புட்டியை எடுத்து மூடியைத் திருகினார். திறக்கவில்லை. நான் வாங்கித் திறந்தேன்.

"கிடங்குல எத்தனை வண்டிய உள்ள விட்டிருக்கேன். ஒரு தடவைகூட இப்படிப் பயந்ததில்ல," என்றார்.

"குரல்ல தெரியவே இல்லையே."

"தெரிஞ்சா வண்டி ஓட்டுறவன் பயந்துருவான்." கொஞ்சம் பொறுத்து, என்னைப் பார்க்காமல் கேட்டார். "நான் ரோட்டுல இருக்கறப்ப, நீ வீட்டுல இப்படித்தான் உட்கார்ந்திருப்பியா?"

யோசித்துப் பார்த்தேன். "முதல் பத்து வருஷம்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். விழுந்து கிடந்த பையை எடுத்து மாட்டிக்கொண்டார். இருட்டுவதற்குள் ஆற்றங்கரைக்கு நடந்து சேர்ந்தோம், நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு.

கூடாரத்தை நடத்தும் பெண்ணின் பெயர் ஐகுல். சிராய்த்துக் கிடந்த என் உள்ளங்கைகளைப் பார்த்ததும் ஒரு சிறு புட்டியைக் கொண்டுவந்து பச்சை நிற மருந்தைத் தடவினார். எரிச்சலில் கத்திவிட்டேன். கைப்பேசியில் ஏதோ பேசி, மொழிபெயர்ப்பை எங்களிடம் நீட்டினார். 'மலை எங்கும் போகாது, நாளைக்கும் இருக்கும்' என்று ஆங்கிலத்தில் வந்தது. சேகர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "அக்கா, கரெக்ட்," என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வதுபோல் தமிழிலேயே சொன்னார். எண்ணெயில் பொரித்த உருண்டை ரொட்டியும் பால் தேநீரும் வந்தன. நான் ஏழு உருண்டை தின்றேன்.

சனிக்கிழமை, காலை ஆறு மணி. பையைத் திறந்து பார்க்கத் தைரியம் வந்தது. அகல லென்ஸின் கண்ணாடி குறுக்காக விரிசல் விட்டிருந்தது. கேமரா உயிரோடு இருந்தது. மிச்சமிருந்தது தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸ் ஒன்றுதான். அதில் பள்ளத்தாக்கு முழுவதையும் அடக்க முடியாது, ஒரு துண்டைத்தான் பார்க்க முடியும்.

பாதையைவிட்டு விலகாமல் நடந்தோம். இந்த முறை சேகர் எனக்கு முன்னால் போனார். ஒரு வளைவில் நின்று கைகாட்டினார்.

"அங்க பாரு. கூய் லாப்பிஸ்."

பாசாரில் விற்கும் அடுக்குப் பலகாரம் போலவே இருந்தது. சிவப்பு, வெளிர் சிவப்பு, சாம்பல், மறுபடி சிவப்பு. காலை வெயில் சாய்ந்து விழுந்ததில் ஒவ்வோர் அடுக்குக்கும் அடியில் மயிரிழை நிழல். நேற்று இந்தச் சுவரைக் கடந்துதான் போயிருக்கிறேன், கண்ணில் படவே இல்லை. ஒரு பாறையில் கையை ஊன்றி நாற்பது படம் எடுத்தேன். சேகர் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் லெப்ட்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

மேலே ஏறி எடுத்த படங்களையும் பிறகு பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், அவை நல்ல படங்கள்தான். ஆனால் எங்கே நின்று எடுத்தாய் என்று யாராவது கேட்டால் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கும். போகிறவர்கள் அந்தப் பலகையை மதியுங்கள். கீழிருந்தே வேண்டிய மட்டும் இருக்கிறது.

பத்து மணிக்கு ஆற்றில் கால் நனைத்தோம். குளிர் எலும்பில் ஏறியது. கண்ணுக்குச் சின்ன ஆறுதான். கிள்ளான் ஆற்றின் பாதி அகலம்கூட இராது. ஆனால் எதிர்க்கரையில் ஒரு பாறையே நகர்ந்துவிடும்போல் அப்படி ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை. திரும்பும் விமானத்தில் சன்னலோர இருக்கையைச் சேகர் எடுத்துக்கொண்டார். இறங்கும் நேரத்தில் விமானம் கடற்பக்கமிருந்து வளைந்தது. மேகம் விலகியதும் அவர் என் கையைத் தட்டினார்.

கீழே எங்கள் கரை. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பழுப்பு நிறம் விசிறிபோல் விரிந்து கிடந்தது. அதன் ஓரமாகக் கேரி தீவு, செம்பனை வரிசைகள், அலைக்குமேல் அரை ஆள் உயரம்கூட இல்லாத பச்சைத் தட்டு.

"இவ்வளவு சேறும் எங்கேர்ந்து வருது?" என்று கேட்டார்.

"மேல மலையிலேர்ந்து. ஆறுதான் கொண்டுவருது."

அவர் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பார்த்தேன். சாரினில் நாங்கள் நின்றது ஓர் ஆறு மண்ணை எடுத்துக்கொண்டு போன இடம். நாங்கள் குடியிருப்பது ஓர் ஆறு மண்ணைக் கொண்டுவந்து போட்ட இடம். எட்டு வருடமாக அதைத் தட்டையாக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை மலைகள் கரைந்து வந்து அந்தப் பச்சைக்கு அடியில் படுத்திருக்கின்றனவோ.

சக்கரங்கள் தரையைத் தொட்டன. கதவு திறந்ததும் நம் ஊர்க் காற்று, ஈரத் துணிபோல் முகத்தில் வந்து ஒட்டியது. மூன்று நாளாக வெடித்துக் கிடந்த உதடு அதை உடனே அடையாளம் கண்டுகொண்டது.