அழுகை அக்கா சிரித்த படம்

டப்பிங் ஸ்டுடியோவில் அவளை எல்லோரும் அழுகை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். திரையில் யாராவது ஒரு தாய் மார்பில் அடித்துக்கொண்டு கதறினால், முகம் எந்த நடிகையுடையதாக இருந்தாலும் தொண்டை பெரும்பாலும் இவளுடையதுதான். விம்மல், தேம்பல், வாயைப் பொத்திக்கொண்டு அழும் அழுகை, எதைக் கேட்டாலும் எடுத்துவிடுவாள். முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “காபி வந்துச்சா?” என்பாள்.

அப்படிப்பட்டவளை ஒரு நாள் சிரிக்கக் கூப்பிட்டார்கள்.

“நானா? ஆள் மாத்திக் கூப்பிட்டுட்டீங்களா தம்பி?”

“இல்லக்கா, நீங்கதான்,” என்றார் போனில் சவுண்டுக்காரர். “ஓடின படத்தையெல்லாம் கிண்டல் பண்ணி ஒரு காமெடி எடுத்திருக்காங்க. ஜனம் சிரிக்குமான்னு அவங்களுக்கே சந்தேகம். அதான் சிரிப்பையும் நாமளே போட்டுக் குடுத்துரலாம்னு…”

வீட்டில் சும்மா கிடப்பதற்கு அது மேல். கணவர் போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகன் வேறு ஊரில். வாரம் தவறாமல் போன் செய்வான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்பான். அதற்குள் அங்கே யாராவது அவனைக் கூப்பிட்டுவிடுவார்கள். மற்ற நாட்களில் அந்த வீட்டுக்குள் அவள் குரல் கேட்பது, பொங்கி வழியும் பாலைத் திட்டும்போதுதான்.

கண்ணாடி அறைக்குள் நின்று, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்தாள். படமா அது! கதாநாயகனின் ஒட்டு மீசை பாதி கழன்று தொங்குகிறது. இன்னொரு தடவை எடுக்க ஒருவருக்கும் உடம்பு வளையவில்லை. அவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுகிறான். எழுந்து, மறுபடி அதே தோலில் விழுகிறான். வில்லனுக்கு வயிற்றுப்போக்கு. அவ்வளவுதான் நகைச்சுவை. டைரக்டர் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. தயாரிப்பாளர் மட்டும் எட்டிப் பார்த்து, “டிவிக்கு வித்தாச்சும்மா. சட்டுனு சிரிச்சு முடிங்க,” என்றுவிட்டுப் போனார்.

சிரித்தாள். களுக்கென்று, கெக்கெக்கே என்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. இல்லாத துக்கத்துக்கு அழத் தெரிந்தவளுக்கு இல்லாத வேடிக்கைக்குச் சிரிக்கவா தெரியாது?

பிற்பாதியில் ஒரு காட்சி வந்தது. பெண் வேடம் போட்ட ஒரு தடியன், தலையில் விக் கோணிக்கொண்டிருக்க, பிணத்தின் மேல் விழுந்து புரள்கிறான். பிணம் அவனுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுகிறது. அவன் வாயிலிருந்து வந்த அழுகையைக் கேட்டதும் அவளுக்குத் திக்கென்றது. வேகத்தைக் கூட்டி எலி கீச்சிடுவதுபோல் ஆக்கியிருந்தார்கள். ஆனாலும் நடுவில் மூச்சு உடைந்து நிற்கும் அந்த இடம் அவளுக்குத் தெரியாமல் போகுமா? அது அவள் அழுதது.

கணவர் இறந்தபோது அவளுக்கு அழவே நேரம் கிடைக்கவில்லை. வந்தவர்களுக்கு உட்கார இடம் பார்ப்பதும், தண்ணீர் கொடுப்பதும், மகனைத் தேற்றுவதுமாகவே பொழுது போயிற்று. கூட்டம் கலையட்டும், அழலாம் என்றிருந்தாள். கலைந்த பிறகு கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு படத்தில் மகனைப் பறிகொடுத்த தாய்க்குக் குரல் கொடுக்கப் போனாள். மைக் முன்னால் நின்றபோதுதான் உடைந்தது. காட்சி முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் நிற்கவில்லை. “பிரமாதம்!” என்று எல்லோரும் கை தட்டினார்கள். படமும் ஓடோ ஓடென்று ஓடியது. அவள் யாருக்காக அழுதாள் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

“என்னக்கா, சிரிப்பே வரல?” என்றது ஹெட்போனில் சவுண்டுக்காரரின் குரல்.

வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. “இது ஒண்ணு வேணாமே, தம்பி.”

“தொண்டை கட்டிக்கிச்சா?”

சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் விரல் அடுத்த பட்டன்மேல் தயாராக இருந்தது.

“ஆமா,” என்றாள்.

“அப்ப விடுங்க. வாழைப்பழச் சிரிப்பை எடுத்து இங்கயும் ஒட்டிக்கிறேன்.”

அந்த வாரம் மகனிடம் சொல்லிப் பார்த்தாள். “அந்தப் படத்துல நான் அழுதேன்ல, அதைக் கிண்டல் பண்ணிட்டாங்கடா.”

“அடேங்கப்பா, கிண்டல் பண்ற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டியாம்மா!” என்று சிரித்தான். சந்தோஷமாகத்தான் சிரித்தான்.

படம் வெளியானதும் பகல் காட்சிக்குத் தனியாகப் போனாள். அரங்கம் வெறிச்சோடிக் கிடந்தது. ஏசிக்காக வந்த ஒருவர் முன் வரிசையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி வந்தது. தடியன் அவள் குரலில் அழுதான். அதன்மேல் அவள் குரலே கெக்கெக்கே என்று சிரித்தது. காலி நாற்காலிகள் மீது அந்தச் சத்தம் மட்டும் அலைந்தது. அவளுக்குக் கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துளிச் சத்தம் வரவில்லை. தனக்கு இப்படியும் அழத் தெரியும் என்பது அவளுக்கே புதிதாக இருந்தது.

விளக்கு எரிந்தது. துடைப்பத்தோடு வந்த பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். “படம் முடிஞ்சிருச்சும்மா.”

“கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேனே.”

“உக்காருங்க. அடுத்த ஷோவுக்கும் யாரும் வரப்போறதில்ல,” என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் மறுகோடியிலிருந்து கூட்ட ஆரம்பித்தாள்.