கோட்டுவாத்தியம் என்று சொன்னார்கள்

பிற்பகல் மூன்றேகால் மணிக்கு, மஞ்சக்குப்பம் பேருந்து நிறுத்தத்தில், என் மாமா அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார். சிதம்பரம் பஸ் வர இன்னும் கால்மணி இருக்கிறது என்று அப்பா அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தார். அந்தக் கால்மணி நேரம் மாமா வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், நான் போன காரியம் நடந்திருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தச் சொல் ஜப்பான்.

மற்ற வீடுகளில் அது ஒரு நாட்டின் பெயர். கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. அத்தை காதில் விழுந்துவிடும் என்பதுதான் காரணம்.

அத்தை, அப்பாவின் அக்கா. கல்யாணமான சில நாட்களிலேயே கணவரோடு மலேயாவுக்குக் கப்பல் ஏறியவர். கணவருக்கு அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் வேலை. யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் மலேயாவைப் பிடித்ததும், சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று தோட்டத்து ஆண்களை, அத்தையின் கணவரையும் சேர்த்து, ஏற்றிக்கொண்டு போனார்கள். சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொல்லித்தான் கூட்டிப்போனார்களாம். யுத்தம் முடிந்து அத்தை மட்டும் திரும்பி வந்தார். கணவர் இறந்துவிட்டார் என்று யாரும் வந்து சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. அத்தை நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. அதை அழிக்கச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அதற்குப் பதிலாக வீட்டு ஆண்கள் ஒரு நாட்டின் பெயரை அழித்துவிட்டார்கள்.

இதில் அவர்கள் காட்டிய கவனம் கொஞ்சநஞ்சமல்ல. பூகோளப் பாடத்தை நான் மனத்துக்குள்ளேதான் படிக்க வேண்டும். கடலூர் முதுநகரில் துணிக்கடை வைத்திருந்த மாமா ஒருமுறை அத்தைக்கு நைலக்ஸ் புடவை கொண்டுவந்தபோது, ஓரத்தில் இருந்த ஊர் முத்திரையைப் பிளேடால் சுரண்டிவிட்டுத்தான் கொடுத்தார். சுரண்டிய இடத்தில் நூல் பிரிந்து நின்றது. அத்தை ஒன்றும் கேட்காமல் அதை மடித்துத் தைத்துக் கட்டிக்கொண்டார்.

இந்த வீட்டில்தான் நான் வீணை கற்றுக்கொண்டிருந்தேன். எனக்குப் பதினோரு வயது. மஞ்சக்குப்பத்தில் எனக்குப் பாடம் சொன்ன டீச்சரம்மா ஒருநாள், சிதம்பரத்தில் ஒரு மண்டபத்துக்கு ஜப்பானிலிருந்து ஒரு பெண் வரப்போகிறாள், கோட்டோ என்று ஒரு தந்தி வாத்தியம் வாசிக்கப் போகிறாள் என்று சொன்னார். ஆள் நீளம் இருக்குமாம். தரையில் கிடத்தி வாசிப்பார்களாம். தந்திகளைத் தாங்கும் குதிரை நம் வீணைக்கு ஒன்று என்றால், அதற்குத் தந்திக்கு ஒரு குதிரையாம். வாசிக்கும்போதே குதிரையை நகர்த்திச் சுருதியை மாற்றுவார்களாம். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு குதிரையை வைத்துக்கொண்டு நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். அதை ஒருமுறை பார்த்தாக வேண்டும், கேட்டாக வேண்டும் என்று அப்பாவை விடாமல் நச்சரித்தேன்.

அப்பா ஒப்புக்கொண்டார். அம்மா அப்போது பிரசவத்துக்காக விழுப்புரத்தில் இருந்தார். ஆகையால் அத்தையிடம்தான் சொல்லிவிட்டுப் போக வேண்டும். என்னவென்று சொல்வது? அப்பா கெட்டிக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். கோட்டோவைக் கோட்டுவாத்தியம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது என்றார். கோட்டுவாத்தியம் நம்முடையது, வீணை மாதிரியே இருக்கும், ஆனால் விரல் வைத்து அழுத்தும் மெட்டுகள் இருக்காது, தந்திமேல் ஒரு கட்டையை நகர்த்தி வாசிப்பார்கள். முதல் இரண்டெழுத்து சரியாக இருப்பதால் இது முழுப் பொய்கூட இல்லை என்று அப்பாவுக்கு ஒரு திருப்தி.

அவருக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சொன்னதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கோட்டுவாத்தியமா? சிதம்பரத்துலயா? நானும் வர்றேன்."

அத்தை எந்த ஊருக்கும் நானும் வருகிறேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஊரிலேயே இருக்கும் வெள்ளிக் கடற்கரைக்குக்கூட வராதவர். கப்பல் ஏறுவதற்கு முன்னால் அவரும் அவர் கணவரும் சேர்ந்து போன ஒரே கச்சேரி, சிதம்பரத்தில் கேட்ட கோட்டுவாத்தியக் கச்சேரிதான் என்பது அப்போதுதான் தெரிந்தது. அப்பா வேண்டாம் என்றும் சொல்ல முடியாமல் விழித்தார். துணைக்கு மாமாவைக் கூப்பிட்டுக்கொண்டார். நான் வாயைத் திறக்கக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். வாங்க வேண்டியவரிடம் வாங்கவில்லை.

ரயிலில் போயிருந்தால் வசதியாக இருந்திருக்கும். ஆனால் அத்தை ரயில் ஏறமாட்டார். கரிப்புகை அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அதையும் நான் நம்பினேன்.

ஆக மூன்றேகால் மணிக்கு மாமா கையில் ஒரு நோட்டீஸோடு வேகவேகமாக வந்தார். வந்தவர் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை.

"மச்சான், ஜப்பான் பொம்பளை போட்டோ போட்டிருக்கான் பாருங்க. ஆளே பொம்மை மாதிரி இருக்கா."

அப்பா முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் அவருக்கு அப்பாவின் பின்னால் நின்ற அத்தை கண்ணில் பட்டார். நோட்டீஸை மடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"கோட்டு, அக்கா. ஜப்பான் கோட்டு. மழைக்குப் போட்டுக்கறது. கடைக்குச் சரக்கு வருது."

அத்தை வானத்தைப் பார்த்தார். பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"இந்த வெயில்லயா?" என்று மட்டும் கேட்டார்.

பஸ்ஸில் மாமா பேசிய பேச்சு இருக்கிறதே, அதற்கே அவரை நடுவழியில் இறக்கிவிட்டிருக்க வேண்டும். ஆலப்பாக்கத்தில் உப்பளம், புதுச்சத்திரத்தில் தர்ப்பூசணி, வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் அதைக் கட்டியபோது எத்தனை மூட்டை சிமெண்டு போட்டார்கள் என்ற விவரம். இடையிடையே மழைக்கோட்டு. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி வந்தார். அன்று அவர் கட்டியிருந்தது அந்த நைலக்ஸ் புடவைதான்.

மண்டபம் தெற்கு வீதியில் இருந்தது. உள்ளே போனதும் நான் ஓடிப்போய் இரண்டாம் வரிசையில் இடம் பிடித்தேன். மேடையில் அது கிடந்தது. நீளமான பலகை, நடுவில் லேசாக மேடு தட்டியிருந்தது. அதன்மேல் கால் விரித்து நின்ற வெள்ளைக் குதிரைகள், ஒரு நேர்க்கோட்டில் நில்லாமல் சாய்வாக, வரிசையில் நிற்கப் பிடிக்காத பிள்ளைகள் மாதிரி. அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தப் பெண் வந்தாள். இடுப்பில் அகலமான பட்டை கட்டிய உடை, காலில் வெள்ளைக் காலுறை. எங்களைப் பார்த்து மடங்கிக் குனிந்தாள். மண்டிபோட்டு உட்கார்ந்து விரல்களில் எதையோ மாட்டிக்கொண்டாள். ஒருவர் மைக்கைப் பிடித்து, ஜப்பான் நாட்டிலிருந்து வந்திருக்கும், என்று தொடங்கினார். மாமா இருமினார். மைக் பிடித்தவர் இன்னொரு முறை ஜப்பான் என்றார். மாமா இன்னும் பலமாக இருமினார். முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அதற்குள் அப்பா எழுந்துவிட்டார். அத்தை கையைப் பிடித்து, பஸ் போய்விடும், கிளம்பலாம் என்றார்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லியேடா" என்றார் அத்தை.

அவர் சொன்னது அவ்வளவுதான். பயப்படவில்லை, அழவில்லை, மயங்கி விழவில்லை. அவர் செய்வார் என்று அவர்கள் இருபது வருஷமாக அஞ்சிக்கொண்டிருந்த எதையும் செய்யவில்லை. அதைக் கவனிக்கத்தான் ஆளில்லை. இரண்டு ஆண்கள் ஆளுக்கொரு பக்கமாக அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். மாமா திரும்பி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தப் பெண் கையைத் தந்திக்கு மேலே தூக்கியதை அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். கை இறங்குவதைப் பார்க்கவில்லை.

எதிரே ஒரு காபி கிளப். அத்தையை உள்ளே உட்கார வைத்துக் காபி சொல்லிவிட்டு அப்பாவும் மாமாவும் வாசலில் நின்று சண்டை போட்டார்கள். மழைக்கோட்டு யாருடைய யோசனை, கோட்டுவாத்தியம் யாருடைய யோசனை என்று. நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, நீங்கள் அத்தையோடு இருங்கள், என்னை மட்டும் உள்ளே விடுங்கள் என்று அழுதேன். எல்லாரும் சேர்ந்து திரும்பிப் பார்த்தபோது நாற்காலியில் அத்தை இல்லை. காபி ஆடை கட்டிப்போய் அப்படியே இருந்தது.

அப்பா முகத்தை அன்று போல நான் பிறகு பார்த்ததில்லை. நானும் இப்போது ஒரு தாய். மகள் காலேஜிலிருந்து வர அரைமணி தாமதமானால் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருப்பவள். அவர் மனத்தில் அப்போது என்னென்ன ஓடியிருக்கும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அவர் கோயில் குளத்தின் பக்கம் ஓடினார். மாமாவை ரயில் பாதைப் பக்கம் ஓடச் சொன்னார். அத்தனையும் புரிகிறது. ஆனாலும் எனக்குக் கோபம் குறையவில்லை. ஏனென்றால் நான் சொன்னேன். அத்தை மண்டபத்துக்குத்தான் போயிருப்பார் என்று இரண்டு தடவை சொன்னேன். என்னைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு ஓடினார்கள். அந்த ஊர் முழுக்கத் தேடினார்கள், எதிர் வாசலைத் தவிர.

என்னைக் காபி கிளப்காரரிடம் ஒப்படைத்திருந்தார்கள், இடத்தை விட்டு நகர்ந்தால் காலை உடைப்பேன் என்ற உத்தரவோடு. தெருவுக்கு அந்தப் பக்கம் மண்டபத்து ஜன்னல்கள் திறந்திருந்தன. ஜட்கா போகும், பஸ் போகும், கல்லா மேலே ரேடியோ பாடும். அதை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன்.

"கஸ்டமருக்கு வச்சிருக்கறது பாப்பா" என்றார் அவர். நான் கஸ்டமர் இல்லை போலிருக்கிறது.

எல்லாச் சத்தமும் ஓய்ந்த ஒரு இடைவெளியில், ஒரே ஒரு தந்தி அதிர்வது கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்து இன்னொன்று. உடனே பஸ் வந்து அதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஜப்பானிய இசை என்று என் வாழ்நாளில் நேரில் கேட்டது அந்த இரண்டு தந்திதான்.

பொழுது சாயும் நேரத்தில் அப்பா சட்டை நனைந்து உடம்போடு ஒட்டத் திரும்பி வந்தார். பின்னாலேயே மாமா, செருப்பு ஒன்றைக் காணாமல். போலீஸுக்குப் போகலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எதிரே மண்டபத்திலிருந்து ஜனங்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். அவர்களோடு அத்தை வந்தார். வண்டி வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்து நிதானமாகத் தெருவைக் கடந்தார்.

எங்கே போய்விட்டீர்கள் என்று அப்பா கேட்டார்.

"கச்சேரிக்கு. அதுக்குத்தானடா வந்தோம்?" என்றார் அத்தை.

அந்தப் பெண்ணிடம் ஏதாவது கேட்டீர்களா என்று மாமா மெதுவாக இழுத்தார். அத்தை இல்லையென்று தலையாட்டினார்.

"கேக்கலாம்னுதான் கிட்டப் போனேன். சின்னப் பொண்ணு. சண்டை நடந்தப்போ இவ வயசுதான் இருந்திருப்பா" என்று என்னைக் காட்டினார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "பஸ் ஸ்டாண்டுலயே என் காதுல விழுந்துது. இந்தப் பொடவை எந்த ஊருன்னும் எனக்குத் தெரியும். நாகப்பட்டணத்துல அவரையும் என்னையும் கப்பல் ஏத்திவுட்டவன் நீ. அவர் பேச்சை எடுத்தா நீ ஒடைஞ்சிடுவேன்னுதான் இத்தினி வருஷமா அவரைப் பத்தி நான் வாயே தொறக்கல."

அப்பா காபி கிளப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஓடிய களைப்பு என்று நினைத்தேன். மாமா தலையைத் திருப்பிக்கொண்டு, இல்லாத செருப்பைத் தேடினார். எனக்கு இவர்கள் யாரும் முக்கியமாகப் படவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்து என் கச்சேரியை முழுக்கக் கேட்டவர் அத்தை ஒருவர்தான். அது எப்படி இருந்தது என்று அழுகையும் ஆத்திரமுமாக அவரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதிலில் முக்கால்வாசி எனக்குப் புரிந்தது. கடைசியில் சொன்னதுதான் புரியவில்லை. ஒருநாளும் தந்தியைத் தொடாதவருக்கு இது எப்படிப் பழக்கம் ஆகும் என்று கடலூர் வரும்வரை பஸ்ஸில் முறைத்துக்கொண்டே வந்தேன்.

அத்தை என் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு தந்தியை மீட்டிட்டுக் கம்முனு இருக்கா. அடுத்தது வருமா வராதான்னு காத்துக்கிட்டே இருக்கணும். எல்லாரும் நெளியறாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. அது நமக்குப் பழக்கம்தானே."